கணக்கு ஓடுது... காவல் யாரு?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணி. ஆபீஸில் எல்லோரும் டிபன் பாக்ஸைக் கழுவிப் பைக்குள் போட்டாயிற்று. நான் மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து கடைசியாக ஒரு பட்டனைத் தட்டினேன். திரையில் எண்கள் சரசரவென்று ஓட ஆரம்பித்தன. 'ஓடு ராசா, ஓடு. திங்கக்கிழமை காலைல வந்து பார்க்கறேன்' என்று மனசுக்குள் ஆசீர்வாதம் பண்ணிவிட்டு லைட்டை அணைத்துக் கிளம்பினேன்.

திங்கட்கிழமை வந்து பார்த்தால், கணக்கு இன்னும் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஃபேன் சத்தத்தோடு, சூடாக, கடமை தவறாமல்! ஆனால் திரையில் எண்களைக் காணோம். அதற்குப் பதில் வரிசை வரிசையாக ஒரே வார்த்தை. நான்... நான்... நான்...

அகங்காரம் பிடித்த கம்ப்யூட்டர் என்று நினைத்துவிடாதீர்கள். 'நாட் எ நம்பர்', அதாவது 'இது எண்ணே இல்லை' என்பதன் ஆங்கில முதலெழுத்துச் சுருக்கம் அது. தமிழில் உச்சரித்தால் 'நான்' என்று வருவது நம்முடைய அதிர்ஷ்டம். ஒரு இடத்தில் கணக்கு எகிறிப் போய், எதையோ எதாலோ வகுக்கக்கூடாமல் வகுத்து, இந்த 'நான்' ஒரு தடவை நுழைந்துவிட்டால் போதும். அதைக் கூட்டினாலும் 'நான்', பெருக்கினாலும் 'நான்'. அம்மை மாதிரி அக்கம்பக்கம் பரவி மொத்தக் கணக்கையும் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டர் மட்டும் அலுத்துக்கொள்ளாமல் கூட்டிக்கொண்டே இருக்கும்.

பழைய வரிகளை மேலே தள்ளிப் பார்த்தேன். முதல் 'நான்' வந்தது வெள்ளிக்கிழமை ராத்திரி 8.10-க்கு. நான் வீட்டில் தோசைக்குக் காத்திருந்த நேரம்! அதற்கப்புறம் ஓடியது முழுக்க 60 மணி நேர வெட்டி வேலை.

"மூணு நாள் கரண்ட் பில்லை உங்க சம்பளத்துல புடிச்சுக்கலாமுங்களா?" என்றார் மேனேஜர். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். அந்தச் சிரிப்புதான் பயமாக இருந்தது.

*

நான் வேலை பார்ப்பது கோயமுத்தூரில், பம்ப் செய்யும் ஒரு கம்பெனியில். பம்ப்புக்குள் சுற்றுகிற இறக்கைச் சக்கரம் இருக்கிறதே, இம்பெல்லர், அதன் வளைவை அரை மில்லிமீட்டர் மாற்றினால்கூடத் தண்ணீர் தள்ளுகிற திறன் மாறும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் மரத்தில் பேட்டர்ன் அடித்து, ஃபவுண்டரியில் வார்த்து, கடைந்து, தொட்டியில் மாட்டிச் சோதித்துப் பார்த்தால் வாரக்கணக்கில் ஆகும். அதனால் முதலில் கம்ப்யூட்டருக்குள்ளேயே ஒரு பொய்ப் பம்ப் கட்டி, பொய்த் தண்ணீர் விட்டுப் பார்க்கிறோம். இதற்குப் பெயர் ஸிமுலேஷன். பம்ப் என்றில்லை... விமான இறக்கை, புயல், மருந்து மூலக்கூறு எல்லாவற்றுக்கும் இன்றைக்கு இதுதான் முதல் படி.

பொய்ப் பம்ப்புக்குள் இருக்கும் தண்ணீரை லட்சக்கணக்கான குட்டிக் குட்டி அறைகளாகப் பிரித்துக்கொள்வோம். ஒவ்வொரு அறையிலும் அழுத்தம் எவ்வளவு, வேகம் எவ்வளவு? தெரியாது. சும்மா ஒரு குத்துமதிப்பில் ஆரம்பித்து, பக்கத்து அறையோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துத் திருத்தி, மறுபடி பார்த்துத் திருத்தி... இப்படி ஆயிரக்கணக்கான சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் 'இன்னும் இவ்வளவு ஒத்துப்போகவில்லை' என்று ஒரு மிச்சக் கணக்கு வரும். அதை ரெஸிடுவல் என்பார்கள். நமக்கு 'மிச்சம்' போதும். நல்லபடியாகப் போனால் இந்த மிச்சம் 1-ல் ஆரம்பித்து 0.1, 0.01, 0.001 என்று இறங்கும். கெட்ட நேரம் என்றால் ஏறும்.

சிக்கல் என்னவென்றால், இதையெல்லாம் கம்ப்யூட்டர் சொல்லிக்கொண்டேதான் இருக்கிறது. ஒளிக்கவே இல்லை! லாக் என்று ஒரு ஃபைலில் சுற்றுக்கு இருபது வரி வீதம் எழுதித் தள்ளுகிறது. ஒரு ராத்திரியில் லட்சம் வரி. ரேஷன் கடை ரிஜிஸ்டரை யாராவது படிப்பார்களா? அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு?

என் வெள்ளிக்கிழமை விபத்துக்கும் லாக்கிலேயே முன்னறிவிப்பு இருந்தது. கூரான்ட் எண் என்று ஒன்று ஏழு மணியிலிருந்தே மெல்ல ஏறிக்கொண்டு வந்திருக்கிறது. இது 1928-ல் ரிச்சர்ட் கூரான்ட், குர்ட் ஃப்ரீட்ரிக்ஸ், ஹான்ஸ் லூயி என்ற மூன்று கணித மேதைகள் எழுதிய கட்டுரையிலிருந்து வந்தது. எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் என்ற சரக்கே அப்போது கிடையாது என்பதை கவனியுங்கள். விஷயம் சுலபம். கண்டக்டர் நிமிஷத்துக்கு ஒரு தடவைதான் திரும்பிப் பார்ப்பார் என்று வையுங்கள். அந்த ஒரு நிமிஷத்தில் பஸ் இரண்டு மூன்று ஸ்டாப்பைத் தாண்டிவிட்டால், நடுவில் யார் ஏறினார், யார் இறங்கினார் என்று அவருக்கு எப்படித் தெரியும்? டிக்கெட் கணக்கு நாறிவிடும். அதே மாதிரி, கணக்கில் நாம் எடுத்துவைக்கும் ஒரு நேர அடிக்குள் தண்ணீர் ஒரு அறைக்கு மேல் தாண்டக்கூடாது. பல வகைக் கணக்குகளில் இந்த எண் 1-ஐத் தாண்டினாலே வம்பு. என்னுடையது 40-ஐத் தாண்டிய பிறகுதான் 'நான்' பிறந்திருக்கிறது.

*

பக்கத்து சீட்டில் ஒரு தம்பி. காலேஜ் முடித்து வந்து மூன்று மாதம் ஆகியிருந்தது. மேனேஜர் போனதும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்ணா, க்ராஃப் போட்டுப் பார்க்க மாட்டீங்களா?"

"ஓடி முடிஞ்சதும் போடுவேன்."

"முடிஞ்சதுக்கப்புறம் எதுக்குங்ணா? ஓடறப்பவே போடோணும்."

பென் டிரைவ் ஒன்றைச் செருகினான். ஒரு சின்ன ஃபைல். திறந்து எண்ணிப் பார்த்தேன்... 23 வரி! அது செய்த வேலை இவ்வளவுதான். பத்து செகண்டுக்கு ஒரு தடவை லாக் ஃபைலின் வாலைப் பிடித்துப் பார்க்கும். 'மிச்சம்', 'கூரான்ட்' என்கிற வார்த்தைகள் இருக்கிற வரிகளை மட்டும் பொறுக்கும். அந்த வரியில் இத்தனாவது பத்தியில் இருக்கிற எண்ணை உருவி, திரையில் கோடாக இழுக்கும். எண் ஒரு எல்லையைத் தாண்டினால் கணக்கை நிறுத்திவிட்டு என் செல்போனுக்கு ஒரு மெஸேஜ் தட்டும். அவ்வளவே. பெரிய ஸாஃப்ட்வேர் இல்லை. இந்த மாதிரிக் குட்டி வேலைக்காரர்களை ஸ்க்ரிப்ட் என்பார்கள்.

அன்றைக்கு முதல் தடவையாக ஒரு கணக்கின் நாடித்துடிப்பைப் பார்த்தேன். மிச்சக் கோடு குழந்தைகள் சறுக்குமரம் மாதிரி இறங்கியது. நடுவில் ஒரு இடத்தில் லேசாகக் குலுங்கியது. "அங்க பம்ப்போட நாக்குகிட்ட தண்ணி சுழிக்குதுங்ணா" என்றான் தம்பி. எண்களை ஒரு வருஷம் வெறித்துப் பார்த்தாலும் எனக்கு அது தெரிந்திருக்காது.

"இதை நீயே எழுதினியா?"

"இல்லீங்ணா. காலேஜ்ல சீனியர் ஒருத்தர் குடுத்தாரு. அவருக்கு அவரோட சீனியர் குடுத்ததாமா."

ஃபைலின் மூன்றாவது வரியில் யாரோ ஒருவருடைய ஃபோல்டர் பெயர் அப்படியே இருந்தது. எங்கள் ஊரில் கல்யாண எவர்சில்வர் பாத்திரத்தில் பெயர் வெட்டியிருப்பார்களே, வீடு வீடாகப் போய்ப் பலகாரம் கொடுத்துத் திரும்பி வரும், அந்த மாதிரி! யார் அந்த மனுஷர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆனால் அவருடைய 23 வரியால் எனக்கு எத்தனையோ சனி, ஞாயிறு மிச்சமாகியிருக்கின்றன.

பக்கத்து வீட்டில் உறைமோர் வாங்குவதும் இப்படித்தான். ஒரு கரண்டிதான் கேட்போம். கணக்கு எழுத மாட்டோம். நம் வீட்டுத் தயிரிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். ஆதித் தயிர் எந்த வீட்டில் தோய்ந்தது என்று எவருக்கும் தெரியாது.

*

ஓடும் கணக்கைப் பார்த்துக்கொண்டிருப்பது ஒன்றும் நேற்று வந்த பழக்கமில்லை. இந்த விஷயத்தில் என்னுடைய ஹீரோ எட்வர்ட் லோரென்ஸ். அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் வானிலை விஞ்ஞானி. 1961-ல் மேஜை அளவுக்கு இருந்த எல்.ஜி.பி.-30 என்ற கம்ப்யூட்டரில் பன்னிரண்டு சமன்பாடுகளை வைத்து ஒரு பொம்மை வானிலையை ஓடவிட்டுக்கொண்டிருந்தார். அப்போது திரை ஏது, க்ராஃப் ஏது? டைப்ரைட்டர் மாதிரி ஒரு பிரின்டர் எண்களைத் தட்டிக்கொண்டிருக்கும். எண்களைப் பார்த்துக் கண் பூத்துப்போய் மனிதர் ஒரு தந்திரம் செய்தார். எண்ணுக்குப் பதிலாக, எண்ணின் அளவுக்கு வெற்றிடம் விட்டு அப்புறம் ஒரு எழுத்தை அடிக்கச் சொன்னார். காற்றின் திசை மாற மாற, அந்த எழுத்து காகிதத்தில் இடமும் வலமுமாக நெளிந்து நெளிந்து இறங்கியது. கணக்கு ஓடும்போதே க்ராஃப்! எங்கள் தம்பியின் 23 வரிக்குக் கொள்ளுத்தாத்தா.

ஒருநாள் பழைய கணக்கு ஒன்றை இன்னும் கொஞ்சம் நீட்டிப் பார்க்க ஆசைப்பட்டார். முதலிலிருந்து ஓட்டச் சோம்பல். நடுவிலிருந்து எண்களை எடுத்து டைப் அடித்துவிட்டுக் காபி சாப்பிடப் போனார். மெஷினுக்குள் இருந்த எண் 0.506127. காகிதத்தில் அச்சாகியிருந்தது 0.506 மட்டும். அதைத்தான் அடித்தார். ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராத வித்தியாசம்தானே! ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடித்துவிட்டு வந்தால், பழைய கணக்கும் புதுக் கணக்கும் முதலில் கைகோத்துப் போய், பிறகு மெல்ல விலகி, இரண்டாவது 'மாச' வானிலையில் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாமல் போயிருந்தன. மெஷினில் வால்வு கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் சந்தேகப்பட்டார். வால்வு கெடவில்லை. 'பட்டாம்பூச்சி விளைவு' என்று பின்னாளில் உலகம் கொண்டாடிய சமாசாரம் அங்கேதான் அகப்பட்டது.

லோரென்ஸைத் தெரிந்த அளவுக்கு நமக்கு அந்த மெஷினுக்குப் ப்ரோக்ராம் எழுதியவர்களைத் தெரியாது. இரண்டு இளம் பெண்கள். முதலில் மார்கரெட் ஹாமில்டன். பிற்பாடு அப்போலோ விண்கலத்தின் ஸாஃப்ட்வேர் குழுவுக்குத் தலைமை தாங்கினாரே, அதே அம்மணிதான். அவருக்கு அப்புறம் எல்லன் ஃபெட்டர். லோரென்ஸின் புகழ்பெற்ற 1963-ஆம் வருஷத்துக் கட்டுரைக்கான கணக்குகளை ஓட்டியதும், க்ராஃப்களைத் தயாரித்ததும் எல்லன் ஃபெட்டர். கட்டுரையின் கடைசியில் லோரென்ஸ் நன்றி சொல்லியிருக்கிறார். நன்றிதான், ஆசிரியர் பட்டியலில் இடமில்லை. இதற்குச் சில வருஷம் முன்னால் லாஸ் அலமோஸில் ஃபெர்மி, பாஸ்டா, உலாம் மூவரும் செய்த பிரபலமான கம்ப்யூட்டர் பரிசோதனையிலும் இதே கதை. ப்ரோக்ராம் எழுதியவர் மேரி சிங்கோ. 1955-ஆம் வருஷத்து அறிக்கையில் அவருக்கும் அடிக்குறிப்பில் ஒரு நன்றி. அரை நூற்றாண்டு கழித்துத்தான் அவர் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் என்று விஞ்ஞானிகளுக்குத் தோன்றியது. க்ராஃப் போட்டுக் கொடுப்பவர்களின் ஜாதகம் அப்படி!

கோடு போடும் வேலையை எல்லோருக்கும் பொதுவாக்கியவர்கள் என்று பார்த்தால் தாமஸ் வில்லியம்ஸ், காலின் கெல்லி என்ற இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். அமெரிக்காவின் வில்லனோவா யுனிவர்சிட்டியில் ஒருவர் டிஃபரன்ஷியல் சமன்பாடு வகுப்பிலும், இன்னொருவர் மின்காந்தவியல் வகுப்பிலும் மண்டை காய்ந்துகொண்டிருந்தார்கள். இந்தக் கணக்கையெல்லாம் படமாகப் பார்த்தால் புரியுமே என்று 1986-ல் க்னூப்ளாட் என்ற ப்ரோக்ராமை எழுதினார்கள். பெயர் வைத்த கதை தமாஷ். ஒருவர் 'லாமாப்ளாட்' என்றார், மற்றவர் 'என்ப்ளாட்' என்றார். சமரசமாக 'நியூப்ளாட்' என்று முடிவு செய்தால், அந்தப் பெயரில் ஏற்கெனவே அங்கே ஒரு மட்டமான ப்ரோக்ராம் இருந்தது. சரி, 'நியூ' என்றே ஒலிக்கிற ஒரு மானின் பெயரை முன்னால் ஒட்டிவிடுவோம் என்று வைத்துவிட்டார்கள். வீட்டுப்பாடத்துக்காக எழுதியதை ஊருக்குக் கொடுத்தார்கள். ஊர் திருத்தித் திருத்தி வளர்த்தது. இன்றைக்கும் ஓடுகிறது. எங்கள் தம்பியின் 23 வரியில் கோடு இழுக்கிற வேலையைச் செய்வது அதுதான்.

தண்ணீர், காற்று ஸிமுலேஷனுக்கு இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்ஃபோம் என்ற ஸாஃப்ட்வேர், லண்டன் இம்பீரியல் காலேஜில் வளர்ந்து 2004-ல் மூலநிரலோடு எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. அதன் கூடவே 'ஃபோம்லாக்' என்று ஒரு குட்டி ஸ்க்ரிப்டும் வரும். லாக்கைச் சல்லடை போட்டு எண்களைப் பிரித்துக் கொடுக்கும். பெர்ன்ஹார்ட் க்ஷைடர் என்ற ஆஸ்திரியக்காரர் இன்னும் ஒரு படி மேலே போய், ஓடும்போதே க்ராஃப் போடுகிற ஸ்க்ரிப்டுகளை 'பைஃபோம்' என்று ஒரு மூட்டையாகக் கட்டி ஊருக்குக் கொடுத்தார். இந்த மாதிரி ஆட்கள் இல்லையென்றால் என்னைப் போன்றவர்கள் வாராவாரம் திங்கட்கிழமை மேனேஜர் முன்னால் நின்றுகொண்டிருப்போம்.

ஆனால் பாருங்கள், நம் ஆபீஸ்களில் ஸ்க்ரிப்ட் வைத்திருப்பவரிடம் கேட்டால் சட்டென்று கொடுக்க மாட்டார். கஞ்சத்தனம் இல்லை. வெட்கம்! "ரொம்ப அசிங்கமா எழுதி வச்சிருக்கேங்க... கொஞ்சம் நீட் பண்ணிட்டுத் தர்றேன்" என்பார். அந்த 'நீட்' பண்ணும் நாள் வரவே வராது. எதிர்பாராமல் விருந்தாளி வந்தால் சோபாவில் கிடக்கும் துணியை அள்ளி உள்ளே வீசுகிற அதே கூச்சம்.

*

இதுவரைக்கும் நல்ல கதை. இனி வில்லங்கம்.

மிச்சம் இறங்கிவிட்டால் மட்டும் பதில் சரி என்று அர்த்தமில்லை. தப்பான கேள்விக்கும் கம்ப்யூட்டர் அழகாகப் பதில் கண்டுபிடிக்கும். அதனால் பம்ப்பின் திறனையும் சேர்த்தே கண்காணிக்க வேண்டும். சக்கரத்தைச் சுற்றுவதற்கு எவ்வளவு பவர் போகிறது, அதில் எவ்வளவு தண்ணீருக்குப் போய்ச் சேருகிறது? இதற்காகத் தம்பியின் ஸ்க்ரிப்டில் நானே ஆறு வரி சேர்த்தேன். சக்கரத்தின் முறுக்குவிசை லாக்கில் ஏழாவது பத்தியில் இருந்தது. 'ஏழாவதை எடு' என்று எழுதினேன். நன்றாக ஓடியது. பெருமை தாங்கவில்லை. கேட்டவர்களுக்கெல்லாம் கொடுத்தேன். பக்கத்து டீமில் நான்கு பேர் வாங்கிப் போனார்கள்.

ஏழெட்டு மாதம் கழித்து ஸாஃப்ட்வேருக்குப் புது வெர்ஷன் வந்தது. (பெயர் வேண்டாம். தப்பு என்னுடையது.) அதில் லாக்கின் பத்திகள் இடம் மாறியிருந்தன. ஏழாவது பத்தியில் இப்போது மொத்த முறுக்குவிசை இல்லை. தண்ணீரின் அழுத்தத்தால் வரும் பங்கு மட்டும்தான். உராய்வால் வரும் பங்கு தனியாக வேறொரு பத்தியில் உட்கார்ந்திருந்தது. என் ஸ்க்ரிப்டுக்கு அது தெரியுமா? ஏழாவதை எடுத்தது, கோடு இழுத்தது. உராய்வைக் கழித்துவிட்டால் செலவு குறைவு. செலவு குறைந்தால் திறன் கூடுதல். பக்கத்து டீமின் புதுச் சக்கரம் பழையதைவிட மூன்று பாயின்ட் அதிகத் திறன் காட்டியது!

பம்ப் தொழிலில் மூன்று பாயின்ட் என்பது லேசுப்பட்ட விஷயமில்லை. ஸ்டார் ரேட்டிங்கே மாறிப்போகும். மேனேஜர் மைசூர்பா வாங்கி வரச் சொன்னார். நானும் இரண்டு சாப்பிட்டேன். பேட்டர்ன் கடைக்கு டிராயிங் அனுப்பும் நாள் குறித்தாயிற்று. க்ராஃபில் குலுக்கல் இல்லை, 'நான்' இல்லை. மிச்சம் அழகாக இறங்கி, திறன் கோடு நேராகப் போய்ப் படுத்துவிட்டது. பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளத் தோன்றும்.

தம்பிதான் மறுபடியும் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தான்.

"ஏனுங்ணா, அந்தச் சக்கரத்துல அப்படி என்ன மாத்தினாங்க?"

"நுனில கொஞ்சம் வளைவு."

"அதுக்கு மூணு பாயின்ட்டா? நம்ம பழைய சக்கரத்தைப் புது வெர்ஷன்ல ஒருக்கா ஓட்டிப் பார்க்கலாமுங்களா?"

ஓட்டினோம். தொட்டியில் மாட்டிச் சோதித்து, நிஜத் திறன் எவ்வளவு என்று எங்களுக்குத் துல்லியமாகத் தெரிந்த பழைய சக்கரம். அதுவும் மூன்று பாயின்ட் கூடுதலாகக் காட்டியது! ராத்திரியோடு ராத்திரியாக நல்ல சக்கரம் ஆகிவிட்டதாக்கும்! ஐந்து நிமிஷத்தில் ஏழாவது பத்தி அகப்பட்டது. எனக்கு வயிற்றில் மைசூர்பா புரண்டது.

பக்கத்து டீமுக்குப் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர்கள் முகத்தை வர்ணிக்க எனக்குத் தெம்பில்லை. பேட்டர்ன் கடைக்கு டிராயிங் போகவில்லை. அது ஒன்றுதான் ஆறுதல்.

*

நம்மை மாதிரி சாமானியர்களுக்கு மட்டும் நடப்பது என்று நினைத்து ரொம்ப நாள் நொந்துகொண்டிருந்தேன். அப்புறம்தான் ஹவாய் சமாசாரத்தைப் படித்தேன்.

2014-ல் பாட்ரிக் வில்லோபி, மாத்யூ ஜான்ஸ்மா, தாமஸ் ஹோய் என்ற வேதியியல்காரர்கள், மின்னசோட்டா யுனிவர்சிட்டியில் செய்த வேலையை 'நேச்சர் ப்ரோட்டோகால்ஸ்' இதழில் ஒரு செய்முறையாக எழுதினார்கள். ஒரு மூலக்கூறின் வடிவம் இதுதானா என்று கம்ப்யூட்டர் கணக்கு போட்டுச் சரிபார்க்கும் வழி. நெளிந்து கொடுக்கிற மூலக்கூறு ஒவ்வொன்றும் பல கோலங்களில் நிற்கும். நாம் பஸ்ஸில் நிற்பதைப் போல. ஒவ்வொரு கோலத்துக்கும் கம்ப்யூட்டர் இரண்டு ஃபைல் தரும். அதில் அந்தக் கோலத்தின் ஆற்றல், இதில் அதன் காந்த அளவீடு. இரண்டையும் ஜோடி சேர்த்துச் சராசரி எடுக்க வேண்டும். கையால் செய்தால் கழுத்து ஒடியும். அதனால் பெரிய மனசோடு தாங்கள் எழுதிய பைத்தான் ஸ்க்ரிப்டுகளையும் கட்டுரையோடு இலவசமாகக் கொடுத்தார்கள். உலகமெங்கும் ஆட்கள் எடுத்துக்கொண்டார்கள்.

ஐந்து வருஷம் ஓடியது. 2019-ல் ஹவாய் யுனிவர்சிட்டியில் பிலிப் வில்லியம்ஸின் குழு ஒரு நீலப்பச்சைப் பாசியிலிருந்து எடுத்த பொருள்களை ஆராய்ந்துகொண்டிருந்தது. அதே ஸ்க்ரிப்ட், அதே ஃபைல்கள். ஆனால் ஒரு கம்ப்யூட்டரில் ஒரு பதில், இன்னொன்றில் வேறு பதில்! விண்டோஸ் 10-லும் பழைய மாக்கிலும் 173.2 என்று வந்த எண், உபுண்டு லினக்ஸில் 172.4 என்று வந்தது. யூஹெங் லுவோ என்ற ஆராய்ச்சி மாணவர் தோண்டித் துருவிக் காரணத்தைப் பிடித்தார்.

காரணம் எவ்வளவு அற்பம் தெரியுமா? ஃபோல்டரில் இருக்கும் ஃபைல்களின் பட்டியலைக் கொடு என்று ஸ்க்ரிப்ட் கம்ப்யூட்டரிடம் கேட்கிறது. எந்த வரிசையில் கொடு என்று சொல்லவில்லை. சில கம்ப்யூட்டர்கள் அகர வரிசையில் கொடுத்தன. சில, வாய்க்கு வந்த வரிசையில் கொடுத்தன. நம் ஆபீஸ் பாஷையில் சொன்னால், அட்டெண்டன்ஸ் கட்டு ஒரு வரிசையில், சம்பளக் கவர் கட்டு வேறு வரிசையில். மேலிருந்து ஒவ்வொன்றாக ஜோடி சேர்த்தால் என்ன ஆகும்? முருகேசனின் லீவுக்கு முனியாண்டியின் சம்பளத்தில் கை வைப்பார்கள். எழுதியவர்கள் சோதித்த கம்ப்யூட்டர்களில் வரிசை தானாகவே சரியாக வந்ததால் அவர்களுக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. மருந்து? 'வரிசைப்படுத்திக் கொடு' என்று ஒரு சொல் சேர்த்தால் தீர்ந்தது.

150-க்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுகளை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கலாம் என்று அப்போது செய்தி வந்தது. எத்தனை மாணவர்கள் தங்கள் பழைய ஃபோல்டர்களை அன்றைக்கு வியர்க்க வியர்க்கத் திறந்திருப்பார்கள்!

இதில் எனக்குப் பிடித்தது, ஸ்க்ரிப்ட் எழுதியவர்கள் மறைத்து வைத்திருந்தால் இந்தத் தப்பு வெளியே வந்தே இருக்காது என்பதுதான். மூடி வைத்த ஸ்க்ரிப்டிலும் அதே ஓட்டை இருந்திருக்கும். யூஹெங் லுவோ எட்டிப் பார்த்திருக்க முடியாது. 'கொடுத்ததால்தானே வம்பு' என்று எங்கள் ஆபீஸில் ஒருவர் சொன்னார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாங்கினவன் பிரித்துப் பார்க்காததுதான் வம்பு. பக்கத்து டீமுக்கு நான் கொடுத்தேனே, அதில் ஏழாவது பத்தி என்ன என்று நான் ஒரு வரி எழுதி வைக்கவில்லை, அவர்களும் கேட்கவில்லை. உறைமோர் வாங்குகிற மாமிகூட ஒருதரம் மோந்து பார்த்துத்தான் பாலில் விடுவார்.

*

இப்போது எங்கள் ஸ்க்ரிப்ட் 23 வரியிலிருந்து 61 வரி ஆகிவிட்டது. பத்தி எண் கிடையாது. பத்தியின் தலைப்பைப் படித்துப் பார்த்து, தலைப்பு கிடைக்கவில்லை என்றால் கோடு போடாமல் கத்தும். ஆரம்பத்தில், எந்த வெர்ஷனில் எப்போது சோதித்தது என்று நாலு வரி விளக்கம். இன்னொரு ஏற்பாடு தம்பியுடையது. ஸ்க்ரிப்டைத் தனியாகக் கொடுப்பதில்லை. கூடவே அந்தப் பழைய சக்கரத்தின் லாக் ஃபைலையும் கொடுத்துவிடுகிறான். முதலில் இதை ஓட்டுங்கள், தொட்டியில் வந்த அதே திறன் வருகிறதா பாருங்கள், வந்தால் மட்டும் உங்கள் வேலையை ஆரம்பியுங்கள். வராவிட்டால் எங்களுக்கு போன் பண்ணுங்கள். இரண்டு பேர் போன் பண்ணியிருக்கிறார்கள். இரண்டு தடவையும் தப்பு எங்கள் பக்கம்!

மூன்றாவது வரியில் இருந்த அந்த முகம் தெரியாத சீனியரின் ஃபோல்டர் பெயர் இப்போது தேவையில்லை. இருந்தாலும் அழிக்க மனசு வராமல், விளக்க வரிகளுக்கு நடுவில் அப்படியே விட்டு வைத்திருக்கிறோம்.

போன வாரம் ராத்திரி 2.17-க்கு செல்போன் கிணுகிணுத்தது. கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்த்தேன். வீட்டுக்காரி புரண்டு படுத்தாள்.

"யாருங்க இந்நேரத்துக்கு?"

"நான்."

"நீங்கன்னு தெரியுதுங்க. மெஸேஜ் யாருன்னு கேட்டேன்."

"அதான் சொல்றேனே... நான்!"

"தூக்கத்துல உளறாம படுங்க" என்று போர்வையை இழுத்துக்கொண்டாள். கணக்கு தானாகவே நின்றிருந்தது. நானும் படுத்துவிட்டேன்.